ஒன்ராறியோவில் தூண்டில் போட: இலவச நாளா, ஒரு நாள் பத்திரமா, மூன்று வருட அட்டையா?

இந்த வருடம் மூன்று வருட மீன்பிடி அனுமதியாகவே எடுத்துவிட்டேன். அதற்கு முன் நாலு கோடைகாலம் இலவச நாள், ஒரு நாள் பத்திரம், ஒரு வருடப் பத்திரம் என்று எல்லாவற்றையும் மாறி மாறிப் பாவித்துப் பார்த்தாகிவிட்டது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்குப் போனால் ஒரு வானில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஆறு விதமான சட்டம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 66, எனக்கு 41, மகனுக்கு 11, ஊரிலிருந்து சூப்பர் விசா என்கிற நீண்டகால வருகை விசாவில் வந்து நிற்கிற மாமாவுக்கு 70, இங்கிலாந்தின் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகனுக்கு 15. யார் காசு கட்ட வேண்டும், யார் சும்மா போகலாம், யார் எந்த அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டு பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அட்டைப் பக்கம் சாய்ந்தவன், அதை மறைக்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் வசிப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றாலும் 65ஐத் தொட்டுவிட்டார் என்றாலும் ஒன்ராறியோவில் மீன்பிடி அனுமதி வாங்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் வசிக்கிற, கனடியப் படையில் இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு, படையினருக்கான அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உடல் இயலாமைக்கான வாகன நிறுத்த அனுமதி தன் பெயரில் இருக்கிறவருக்கு அந்த அட்டையே மீன்பிடி அனுமதியாகச் செல்லும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சி.என்.ஐ.பி. அட்டையும் அப்படித்தான். இந்தப் படை, இயலாமை விலக்குகளில் எங்கள் வீட்டில் யாரும் வரவில்லை, அதனால் அவற்றில் சொந்த அனுபவம் இல்லை. முதற்குடி மக்களின் உரிமை முற்றிலும் வேறு கதை, அதை இதோடு குழப்பக்கூடாது.

நடுவில் மாட்டிக்கொண்ட 18 முதல் 64 வரையான எங்களுக்குத்தான் தெரிவுகள். முதலாவது இலவச நாட்கள். வருடத்தில் நாலு தடவை கனடாவில் வசிக்கிற எவரும் அனுமதி இல்லாமல் பிடிக்கலாம்: பிப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதம் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, அப்புறம் கனடா தினத்தை ஒட்டி வருகிற ஒரு முழுக் கிழமை. உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடிக்கிற வேலைக்கு நான் இன்னும் போனதில்லை, பிப்ரவரியைப் பற்றி நண்பர்கள் சொல்கிற கதைதான் தெரியும். மற்ற மூன்றும் நல்ல நாட்களே, ஆனால் ஊரே கரைக்கு வந்துவிடும். ரூஜ் ஆற்று முகத்தில் தந்தையர் தினத்தன்று காலை எட்டு மணிக்குப் போனால், ஒருவருடைய நூல் இன்னொருவருடைய நூலில் சிக்கி, அதை எடுக்கவே பாதி நாள் போய்விடும்.

இலவசம் என்றால் காலத்தடையும் அளவுக் கட்டுப்பாடும் விலகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலகாது. அனுமதியில் இரண்டு வகை: கூடுதலாக மீன் எடுக்க விடுகிற ஸ்போர்ட், விலையும் எண்ணிக்கையும் குறைந்த கன்சர்வேஷன். இலவச நாளில் கன்சர்வேஷன் வகை அனுமதிக்குரிய குறைந்த எண்ணிக்கைதான் எடுக்கலாம். நாங்கள் போகிற ரைஸ் லேக் ஏரி இருக்கிற 17ஆம் மீன்பிடி வலயத்தில் பாஸ் மீன் என்றால் ஸ்போர்ட் அனுமதிக்கு 6, கன்சர்வேஷனுக்கு 2. மஞ்சள் பேர்ச் என்றால் 50க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம். இதில் ஒரு வேடிக்கை, வயது விலக்கில் வருகிற அப்பாவுக்கும் மகனுக்கும் ஸ்போர்ட் அளவு. காசு கட்டி கன்சர்வேஷன் எடுத்த எனக்கு 2 பாஸ், ஒரு சதமும் கட்டாத அப்பாவுக்கு 6. இதை ஒவ்வொரு முறையும் வானில் ஏறியவுடன் அவர் ஞாபகப்படுத்துவார்.

இரண்டாவது ஒரு நாள் பத்திரம். ஒன்ராறியோவில் வசிப்பவருக்கு 12 டொலர் 21 சதம், வரி தனி. வருடப் பத்திரங்களோடு சேர்த்து எடுக்க வேண்டிய அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற அட்டை இதற்குத் தேவையில்லை, ஸ்போர்ட் அளவும் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் போகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. இரண்டு தடவை போனால் 24 டொலர் 42 சதம் ஆகிவிடும், அட்டையோடு கன்சர்வேஷன் ஒரு வருடம் எடுத்தாலே 8.57ஐயும் 15.07ஐயும் கூட்டி 23.64தான். அதுவும் அட்டை மூன்று வருடத்துக்கு நிற்கும். காலையில் மழை என்று போகாமல் விட்டுவிட்டு மத்தியானம் வெயில் வந்த நாளில், வாங்கிய ஒரு நாள் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பியோடு யன்னலில் நின்ற அனுபவமும் எனக்கு உண்டு.

மூன்றாவது நான் எடுத்தது: அவுட்டோர்ஸ் கார்ட், அதோடு மூன்று வருட கன்சர்வேஷன். 8.57, 45.21, வரி தனி. கணக்குப் பார்க்கிறவர்கள் உடனே கேட்பார்கள், 15.07ஐ மூன்றால் பெருக்கினால் 45.21தானே, கழிவு எங்கே என்று. கழிவு கிடையாது. ஸ்போர்ட்டிலும் அப்படித்தான், 26.57ஐ மூன்றால் பெருக்கினால் 79.71. அப்போ எதற்கு மூன்று வருடம்? வருடப் பத்திரம் டிசம்பர் 31ஆம் திகதி முடிந்துவிடும், செப்டம்பரில் எடுத்தாலும் அதே டிசம்பர் 31. அடுத்த மே மாதம் ஏரிக்கரையில் நின்று பெட்டியைத் திறக்கும்போதுதான் பழைய பத்திரம் செத்துப்போனது ஞாபகம் வரும். எனக்கு இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை போனில் சிக்னல் இருந்ததால் அங்கேயே நின்று எடுத்தேன், மற்றத் தடவை சிக்னல் இல்லை, நான் நாற்காலியில் இருந்து மற்றவர்களுக்கு மண்புழு கோர்த்துக் கொடுத்தேன். ஜனவரி, பிப்ரவரியில் எடுத்தால் மூன்று வருடமும் முழுசாகக் கிடைக்கும், ஓகஸ்டில் எடுப்பது காசை ஏரியில் போடுகிற மாதிரி. மீன் நிறையக் கொண்டுவந்து உறைபெட்டியை நிரப்புகிறவர்களுக்கு ஸ்போர்ட்தான் சரி. எங்கள் வீட்டில் இரண்டு பாஸ் குழம்புக்குப் போதும், மிச்சம் பேர்ச் பொரியல்.

சரி, காசுக் கணக்கு இவ்வளவுதான். என்னை அட்டைப் பக்கம் தள்ளியது காசு இல்லை, சட்டைப்பை.

ஒரு தந்தையர் தின வார இறுதியில் ரைஸ் லேக்கின் மேற்குக் கோடியில், பியூட்லி பக்கம் இருந்தோம். படகில் இரண்டு கன்சர்வேஷன் ஆபிசர்கள், அதாவது மீன்பிடிச் சட்டத்தைக் கண்காணிக்கிற அதிகாரிகள், வந்து கரையில் ஒட்டினார்கள். வாளியைப் பார்த்தார்கள், எண்ணினார்கள், சிரித்தார்கள். அப்புறம் அடையாள அட்டை. இலவச நாளிலும் சரி, வயது விலக்கிலும் சரி, பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அட்டை ஒன்றை உடம்போடு வைத்திருக்க வேண்டும். வயது விலக்கில் போகிறவருக்குச் சட்டப்படி அந்த அட்டைதான் மீன்பிடி அனுமதி. அது கையில் இல்லை என்றால் அனுமதி இல்லாமல் பிடித்த மாதிரித்தான்.

அப்பாவின் சாரதி லைசன்ஸ் வானில், கையுறைப் பெட்டிக்குள். நான் மேட்டில் ஏறி ஓடிப்போய் எடுத்து வந்தேன். மகனுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. அம்மா கைப்பையைத் துழாவி, முகமெல்லாம் நம்பிக்கையோடு பிரெஸ்டோ கார்ட்டை நீட்டினார். பஸ் அட்டை! அதில் பெயருமில்லை, பிறந்த நாளுமில்லை. அம்மாவின் பி.ஆர். கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) வீட்டில் அலுமாரியில், நகைப் பெட்டிக்குக் கீழே, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. போனில் அதன் படம் ஒன்று இருந்ததைக் காட்டினோம். அந்த ஆபிசர் நல்ல மனுசன், மகனின் முகத்தைப் பார்த்தே அவன் 18க்குக் கீழே என்று விட்டுவிட்டார், அம்மாவிடம் அடுத்த முறை அட்டையே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறொருவர் என்றால் தண்டம் எழுதியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் பிடித்துப் பழகிய அப்பாவுக்குத்தான் கோபம். "பண்ணைப் பாலத்தில தூண்டில் போடேக்க ஆரடா என்னட்டை அட்டை கேட்டது?"

எங்கள் ஆட்கள் பி.ஆர். கார்டை ஏரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தொலைந்தால் புதிது எடுக்க விண்ணப்பம், படம், காசு, காத்திருப்பு, அதற்கிடையில் ஊரில் ஒரு செத்தவீடு வந்தால் போய்த் திரும்பி வருவதற்கே திண்டாட்டம். பாஸ்போர்ட்டும் அதே நிலைமை. மண்புழு டப்பாவுக்கும் ஈரத் துணிக்கும் நடுவில் பாஸ்போர்ட்டை வைக்கிற துணிவு யாருக்கு இருக்கிறது? சாரதி லைசன்ஸ் இருப்பவருக்குப் பிரச்சினையே இல்லை, எப்போதும் பணப்பையில் இருக்கிற சாமான், அதைக் காரில் விட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் சரி. வண்டி ஓட்டாத அம்மா, மாமி, ஆச்சிமாருக்குத்தான் சிக்கல். அம்மாவுக்கு ஒன்ராறியோ ஃபோட்டோ கார்ட் எடுத்துக் கொடுத்தேன். 35 டொலர், ஐந்து வருடத்துக்குச் செல்லும், சாரதி லைசன்ஸ் இல்லாத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது. சேர்விஸ் ஒன்ராறியோ என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு ஆளே நேரில் போக வேண்டும், அட்டை பிறகு தபாலில் வரும். வருடத்துக்கு 7 டொலர். இலவசம் என்று சொல்கிற விலக்கின் விலை அம்மாவுக்கு அதுதான். மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ், அதையும் ஸிப் உறைக்குள் போட்டு என் பையில் வைக்கிறேன்.

இதோடு ஒப்பிட்டால் என் பக்கம் எவ்வளவு லேசு என்று பாருங்கள். அவுட்டோர்ஸ் கார்ட் பணப்பையில், அனுமதியின் சுருக்கம் போனில் பி.டி.எஃப். ஆக, அச்சடித்த பிரதி ஒன்று தூண்டில் பெட்டியின் மூடிக்குள். போனில் காட்டினால் போதும் என்று இருந்தாலும் பற்றரி சாகிற நாள் ஒன்று வரும், அதனால் கடதாசியையும் விடவில்லை. கேட்டால் காட்டிவிட்டு நூலைச் சுற்றுகிற வேலையைப் பார்க்கலாம். அட்டை தண்ணீரில் விழுந்தால்கூட நித்திரை போகாது.

மாமாவின் கதை இன்னும் சிக்கல். 70 வயது, அதனால் அனுமதி வேண்டாம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வயது விலக்கு கனடாவில் வசிப்பவருக்கு மட்டும். வசிப்பவர் என்றால் பிரதான வீடு இங்கே இருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மே மாதம் வந்து இறங்கிய மாமா ஜூலையில் வெளிநாட்டுக்காரர்தான். இலவச நாட்களும் அவருக்கு இல்லை. அவருக்கு வெளிநாட்டவர் ஒரு நாள் பத்திரம் எடுத்தேன், 24 டொலர் 86 சதம். அவருக்கு இதைவிட்டால் எட்டு நாள் பத்திரமோ வருடக் கணக்கிலான பத்திரமோதான், அவற்றுக்கு அட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு கோடையில் ஒன்றிரண்டு தடவைதான் வருவார் என்பதால் ஒரு நாள் பத்திரமே அவருக்கு லாபம். இந்த இடத்தில் மட்டும் என் அட்டைக் கட்சி தோற்கிறது. "இந்தத் தூண்டிலை ஒருக்கால் பிடியுங்கோ மாமா" என்று கையில் கொடுப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது, படத்துக்குப் பிடித்தாலும் நூல் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

லண்டன் மருமகனுக்கு 18 ஆகவில்லை, ஆனால் அவனும் வெளிநாட்டுக்காரன்தான். அனுமதி உள்ள ஒருவரோடு வந்தால் அவனுக்குத் தனி அனுமதி வேண்டாம், ஆனால் அவன் பிடிக்கிற மீன் அந்த ஆளின் கணக்கில் விழும். அந்த ஆள் நான். என் 2 பாஸையும் அவன் காலை பத்து மணிக்கு முன்னமே பிடித்துவிட்டான். மிச்ச நாள் முழுக்க நான் பிடித்துப் பிடித்துத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் அப்பா தன் நாலாவதை வாளிக்குள் போட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.