ஏழாம் எண்ணில் மூன்று கோணங்கள்: பிங் ஜி430, டைட்லிஸ்ட் டி150, மிசுனோ ப்ரோ 241

கோல்ஃபுக்குப் புதிய அயர்ன் செட், அதாவது எண்ணிட்ட உலோகத்தலைக் கிளப்களின் தொகுப்பு, வாங்கச் செல்பவர்களில் பெரும்பாலோர், ஒவ்வொரு நிறுவனத்தின் ஏழாம் எண் அயர்னையும் எடுத்துப் பத்துப் பத்துப் பந்துகள் அடித்து, எது அதிக தூரம் போகிறது என்று, பந்தின் பறப்பை அளக்கும் லாஞ்ச் மானிட்டரின் திரையைப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில், தலைப்பிலுள்ள மூன்று செட்களில் பிங் ஜி430-தான் பெரும்பாலும் முந்தும். முந்துவதற்கு முதற்காரணம் அதன் எண்ணிலேயே இருக்கிறது. ஜி430 ஏழாம் எண்ணின் லாஃப்ட், அதாவது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், 29 டிகிரி. டி150-இல் அது 32. மிசுனோ ப்ரோ 241-இல் 34. ஐந்து டிகிரி என்பது ஒரு கிளப்புக்கும் சற்று அதிகமான வித்தியாசம். எனவே பிங்கின் ஏழாம் எண்ணை மிசுனோவின் ஆறாம் எண்ணோடு வைத்துப் பார்ப்பதே நியாயமான ஒப்பீடு. அடியில் பொறித்த எண்ணை நம்பிச் செய்யும் ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணலாகிவிடுகிறது.

இதைப் பிங்கின் குறையாக நான் சொல்லவில்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம் தொடங்கிய நிறுவனம் அது. கிளப் தலையின் எடையை நடுவில் குவிக்காமல் விளிம்புகளுக்குப் பரப்பினால், நடு முகத்தில் படாத அடியிலும் தலை குறைவாகவே திரும்பும் என்ற அவருடைய கருத்துதான் 1982-இல் வந்த பிங் ஐ2 வழியாக இன்றைய கேவிட்டி பேக் (பின்பக்கம் குழிந்த) அயர்ன்கள் அனைத்திலும் தொடர்கிறது. ஜி430-இல் அகலமான அடிப்பாகம் எடையைக் கீழேயும் பின்னேயும் இழுத்துவிடுவதால், லாஃப்ட் குறைந்திருந்தாலும் பந்து போதிய உயரத்துக்கு எழுகிறது. வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு, முகத்தின் முனைப்பக்கம் பட்ட பந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றிய குறும்புல் பரப்பு) முன்னுள்ள மணற்குழியில் விழாமல் கிரீனைத் தொட்டுவிடுவது பெரிய உதவி.

மிசுனோ ப்ரோ 241 இதற்கு நேர் எதிரானது. ஹிரோஷிமாவில் மென்கார்பன் எஃகிலிருந்து அடித்து வடிக்கப்பட்ட, மெல்லிய மேல்விளிம்பும் குறுகிய அடிப்பாகமும் கொண்ட பிளேடு வகைத் தலை. அதன் குரோம் பூச்சுக்கு அடியில் மெல்லிய செப்புப் படலமும் உண்டு. நடுவில் பட்ட அடி கைக்குச் சொல்லும் செய்தி வேறெதிலும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை என்று நான் மனமாரச் சொல்வேன். நடுவில் படாத அடியும் அதே தெளிவோடு வரும், தூரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஒற்றை இலக்க ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறன் அதிகம்) உள்ளவர்களுக்கும், பந்தை இடமும் வலமும் வேண்டுமென்றே வளைத்து அடிப்பவர்களுக்கும் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். டி150 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அடித்து வடித்த உடல், சிறிய தலை, ஆனால் உள்ளே டங்ஸ்டன் எடைகளால் பிசகிய அடியையும் ஓரளவு மன்னிக்கும் குணம்.

இனி, தூரத்தைவிட முக்கியமானதாக நான் கருதுவது பந்து இறங்கும் கோணம். லாஞ்ச் மானிட்டர் நிறுவனமான ட்ராக்மேன் முன்பு வெளியிட்ட, ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிஏ டூர் சராசரிகளில் ஏழாம் எண் அயர்ன் மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசப்பட்டு, பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,100 சுழற்சியுடன் 172 யார்டு பறந்து, சுமார் 50 டிகிரி கோணத்தில் இறங்குகிறது. பெண்களுக்கான எல்பிஜிஏ தொடரின் வீராங்கனைகளின் வேகம் 76 மைல்தான். ஆனாலும் 47 டிகிரியில் இறங்குகிறது. சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் லாஃப்ட் குறைந்த அயர்னால் பத்து யார்டு கூடுதலாகப் பெற்று, பந்து 40 டிகிரியில் தாழ்வாக வந்து கிரீனில் விழுந்து பின்பக்கமாக ஓடிப்போனால், அந்தப் பத்து யார்டால் அவருக்கு என்ன பயன்? கோடையில் இறுகிய தரையில் ஆடுபவர்கள் இதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஃபிட்டிங் (ஆளுக்கேற்ப அளவெடுத்துக் கிளப்பைப் பொருத்துவது) முடிந்ததும், திரையில் பறந்த தூரத்துக்கு அடுத்தபடியாக இறங்குகோணத்தையும், பத்துப் பந்துகளுக்கிடையே உள்ள முன்பின் சிதறலையும் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். 45 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் வேறு ஷாஃப்டோ (கிளப்பின் தண்டு) வேறு தலையோ தேவை.

லாஃப்ட் குறைப்பின் இன்னொரு விளைவு செட்டின் கீழ்முனையில் தெரியும். குறுகிய தூரத்துக்கான, லாஃப்ட் அதிகமுள்ள கிளப்களே வெட்ஜ்கள். ஜி430-இன் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி, டி150-இல் 44, மிசுனோவில் 46. ஏற்கெனவே கையில் 56 டிகிரி மணல் வெட்ஜ் வைத்திருப்பவர் பிங்கை எடுத்தால் இடையில் 15 டிகிரி பள்ளம் விழுகிறது; அதை நிரப்ப இரண்டு வெட்ஜ்கள் வேண்டும், மிசுனோவுக்கு ஒன்றே போதும். விதி அனுமதிப்பது மொத்தம் 14 கிளப்கள்தான் என்பதால், கீழே சேர்த்த ஒன்றுக்கு மேலே ஒன்றை விட்டுக்கொடுக்க நேரலாம். விலையை ஒப்பிடும்போதும் இந்தக் கூடுதல் வெட்ஜின் விலையைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஃபிட்டிங்கில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது லை கோணம். கிளப்பின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படியும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம் அது. வலக்கைக்காரருக்கு அது அதிக நிமிர்வாக இருந்தால் பந்து இடப்பக்கம் போகும், அதிகத் தட்டையாக இருந்தால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக்கூட இந்த விலகலும் கூடும். என்னுடைய முந்தைய செட் அளவெடுக்காமல் வாங்கியது. ஒன்பதாம் எண்ணில் மூன்று ஆண்டுகள் இடப்பக்கம் இழுத்த அடிகளை ஸ்விங்கின் பிழையென்று எண்ணித் திருத்திக்கொண்டே இருந்தேன். அளந்தபோது எனக்கு வேண்டியதைவிட அது இரண்டு டிகிரி நிமிர்ந்திருந்தது. ஆகவே மணிக்கட்டிலிருந்து தரைக்குள்ள உயரத்தை மட்டும் அளந்து முடிவு சொல்பவரை ஏற்க வேண்டாம். பந்தின் பின்புறம் மார்க்கரால் செங்குத்துக் கோடு வரைந்து அடித்தால் அந்தக் கோடு கிளப் முகத்தில் பதியும். நேராகப் பதிந்தால் லை சரி, சாய்ந்தால் திருத்தம் தேவை. ஓடும் ஸ்விங்கில் எடுக்கும் இந்த அளவே நம்பத்தக்கது. பிங் தன் லை கோணங்களை நிறப்புள்ளிகளால் குறிக்கிறது. கறுப்பு இயல்பானது, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு தட்டையானது. அதன் வார்ப்பு எஃகு கடினமானது என்பதால் சரியான புள்ளியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குவது நல்லது. மிசுனோவின் மென்கார்பன் எஃகைப் பட்டறையில் பின்னால் வளைத்துக்கொள்வது எளிது.

ஷாஃப்டில் விறைப்பைக் குறிக்கும் ஆர், எஸ் என்ற எழுத்துகளுக்கு நிறுவனங்களுக்கிடையே பொது அளவுகோல் இல்லை, எடையைப் பாருங்கள். டைனமிக் கோல்ட் எஸ்300 ஏறத்தாழ 130 கிராம், நிப்பான் 950ஜிஹெச் நூறு கிராமுக்குச் சற்றுக் கீழே, கிராஃபைட் பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஓய்ந்த நிலையில் அடிக்கும் கடைசிப் பத்துப் பந்துகளில் எது சிதறவில்லையோ அதுவே பொருத்தம். முழங்கை வலி உள்ளவர்கள் அதிர்வு குறைந்த கிராஃபைட்டைத் தயங்காமல் எடுக்கலாம்.

செயற்கை விரிப்பில் மட்டும் அடித்து முடிவெடுக்க வேண்டாம். பந்தைத் தொடும் முன்பே தரையில் பட்ட அடியையும் விரிப்பு வழுக்கி நல்ல அடியாகக் காட்டும். அங்கே குறுகிய அடிப்பாகமுள்ள மிசுனோவின் கண்டிப்பு தெரியாது. முடிந்தால் புல்லில், நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தோடு அடித்துப் பாருங்கள்.

என் தேர்வைச் சொல்வதானால், ஹேண்டிகேப் 15-க்கு மேல் இருப்பவருக்கு ஜி430. இறங்குகோணம் போதவில்லையென்றால் ஐந்தாம் எண்ணை விட்டு அந்த இடத்தில் பந்தை எளிதில் எழுப்பும் ஹைப்ரிட் கிளப். எட்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் டி150. அதற்கும் கீழே இருந்து, வாரம் மூன்று நாள் பயிற்சி செய்பவர் என்றால் மட்டும் மிசுனோ. எதை வாங்கினாலும் லாஃப்ட், லை, நீளம், ஷாஃப்ட், கிரிப் அளவு ஆகிய ஐந்தையும் ஆர்டர் சீட்டில் எழுதி வாங்கி, செட் வந்த நாளன்றே ஒவ்வொரு கிளப்பையும் அளவுக் கருவியில் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.