வடசேரி மாடி டியூஷன்: பாடம் சுமார், பெற்றோர் கூட்டம் அருமை

என் மூத்த மகள் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் நாகர்கோவில் வடசேரியில் மாடியில் நடக்கிற இந்த டியூஷன் சென்டரில்தான் படித்தாள். 2025 மார்ச்சில் பரீட்சை எழுதி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இளையவன் பிளஸ் ஒன், அவனும் இங்கேதான். இந்த ரிவ்யூ பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பிஸிக்ஸ் சாரைப் புகழ்கிறார்கள், ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் ஏசி இல்லை, ஒரே ஒரு பாத்ரூம்தான் என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த இடத்துக்குக் காசு கொடுப்பதற்கான காரணம் வேறு, அதை யாரும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் பாடம். மேத்ஸ் நன்றாக நடக்கிறது. பிஸிக்ஸ் சார் ஒரு டெரிவேஷனைப் பிள்ளைகள் கேட்கிற வரை திரும்பத் திரும்ப போர்டில் போடுவார், முகம் சுளிக்க மாட்டார். கெமிஸ்ட்ரிக்கு வருடா வருடம் ஆள் மாறுகிறது. பயாலஜி மிஸ் புத்தகத்தை வாசித்து அடிக்கோடு போடச் சொல்வதோடு சரி, அதைவிட மகளின் பள்ளியிலேயே நன்றாக எடுத்தார்கள். ஒரு பாடத்துக்கு மாதம் 700 ரூபாய் வாங்குகிறார்கள், நாகர்கோவில் நிலவரத்துக்கு அது அதிகமில்லை. சனிக்கிழமை டெஸ்ட் வைத்துத் திங்கள்கிழமை பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும்போது மார்க் உள்ளே இருக்கும்படி மடித்துக் கொடுப்பார்கள். ரேங்க் வாசிப்பது கிடையாது. சின்ன விஷயம்தான், ஆனால் பத்தாம் வகுப்பில் மார்க்கைச் சத்தமாக வாசித்த ஒரு பள்ளியிலிருந்து வந்த என் மகளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

இனி பெற்றோர் கூட்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வருகிறவர்களுக்கும் வசதியாக மத்தியானத்துக்கு மேல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. முதல் கூட்டத்தில் சென்டர் நடத்தும் சார் யார் மார்க்கையும் பேசவில்லை. பாடத்துக்கு 100 என்று மொத்தம் 600, பிராக்டிக்கல் உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, பிராக்டிக்கலுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று போர்டில் எழுதிப் புரிய வைத்தார். எங்களில் பாதிப் பேருக்கு அதுவரை அது தெரியாது. அப்புறம் சொன்னார்: "அக்கா, முதல் பரீட்சைல மார்க்கு விழும். பத்தாவதுல 480 வாங்கின பிள்ளை பிஸிக்ஸ்ல பாதிதான் எடுக்கும். பிள்ளை படிக்கல்லன்னு அர்த்தம் இல்ல, பாடம் அப்படி. அந்த நேரத்துல வீட்டுல சத்தம் போட்டா பேப்பரை ஒளிச்சு வைக்கத்தான் பிள்ளை படிக்கும்."

அப்படியே நடந்தது. மகளுக்குக் காலாண்டில் பிஸிக்ஸ் நாற்பதுகளில் நின்றது. என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார், ராத்திரி வீடியோ காலில் வந்தால் முதல் கேள்வியே எத்தனை மார்க் என்பதுதான். நான் சாரிடம் சொன்னேன். சார் அவருக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார், "அண்ணே, மார்க்கை என்கிட்ட கேளுங்க, பிள்ளைகிட்ட சாப்பாடு என்னன்னு கேளுங்க" என்று. அதன் பிறகு இந்த மனிதர் தினமும் போனை எடுத்ததும் "இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்க, மகள் சிரித்துவிட்டு மீன் பெயரைச் சொல்ல, அப்படியே பேச்சு நீண்டு ஒருநாள் அவளாகவே கெமிஸ்ட்ரி பிடிபடவில்லை என்று சொன்னாள். வளைகுடாவில் அப்பா இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ, அவர்களையும் கணக்கில் எடுத்துப் பேசுகிற டியூஷனை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

மே மாதம், பத்தாம் வகுப்பு முடிந்த பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு கூட்டம் உண்டு, இங்கே சேராதவர்களும் போகலாம். என்னைக் கேட்டால் இந்த இடத்தின் உருப்படியான வேலை அதுதான். எந்த குரூப் எடுப்பது என்பதில் எல்லா வீட்டிலும் ஒரே பதில், பயோ மேத்ஸ், ஏனென்றால் டாக்டருக்கும் போகலாம் இன்ஜினியருக்கும் போகலாம். பயாலஜியைத் தொடவே விரும்பாத பிள்ளைக்கு இரண்டு வருடமும் அது சுமை, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் இன்ஜினியரிங் கட்-ஆஃப் அதே மேத்ஸ், பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரியில்தான் என்று சார் நேராகவே சொல்லிவிடுகிறார். நான் போன வருடம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, பத்தாவதில் நல்ல மார்க், பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதலும், இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் 2021 முதலும் இருக்கிறது, ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், நடுவில் மாற்றினால் போயிற்று, உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினாலும் அப்படித்தான் என்று சார் விளக்கினார். நம் மாவட்டத்தில் சபைகளும் சங்கங்களும் நடத்துகிற உதவி பெறும் பள்ளிகள் ஏராளம், அதுவும் அரசுப் பள்ளி மாதிரிதானே என்று நினைப்பவர்கள் நிறைய. பையன் அரசுப் பள்ளியிலேயே தொடர்கிறான், அந்தப் பணத்தில் டியூஷன் போக மீதியும் இருக்கிறது.

பிளஸ் டூ ஆனதும் சான்றிதழ்ப் படலம். பொதுத்தேர்வுக்கு முன்பே சாதி, வருமானம், முதல் பட்டதாரி எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்துக்கு ஓடவைத்துவிட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, ரிசல்ட்டுக்குப் பிறகு தாலுகா ஆபீஸில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது எரிச்சல் போய்விட்டது. எல்லைப்புறப் பெற்றோருக்குத் தனியாகவே ஒரு அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். களியக்காவிளை பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஒன்பது, பத்து வரை கேரளாவில் படித்திருப்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு பிறப்பிடச் சான்றிதழ் வைக்க வேண்டும். சில சாதிகளுக்கு அரசுப் பட்டியலிலேயே "கன்னியாகுமரி மாவட்டம்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும், சான்றிதழில் பெயர் அதேபோல வந்திருக்கிறதா என்று இவர்களே ஒத்துப் பார்க்கிறார்கள்.

மார்ச்சில் பரீட்சையும் மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடைத் திருவிழாவும் சேர்ந்தே வரும். திங்கள்நகர் பக்கம் எங்கள் வீட்டில் விருந்தாளிகள், தெருவில் மைக் செட், பிள்ளை எங்கே போய் உட்காரும்? அந்த நாட்களில் மாடி ஹாலைக் காலை 6 மணிக்கே திறந்து வைத்தார்கள், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

மே 8 அன்று ரிசல்ட் வந்தது. அன்று சாயங்காலமே கல்லூரி ஏஜெண்டுகள் எங்கிருந்தோ நம்பர் வாங்கிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், "சீட் ரெடியா இருக்கு, ஒரிஜினலோட வாங்க" என்று. யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் என்று சார் கடைசிக் கூட்டத்திலேயே சொல்லியிருந்ததால் நான் அசையவில்லை. கட்-ஆஃப் கணக்கையும் அங்கேயே போட்டுக் காட்டினார்கள்: மேத்ஸ் முழுசாக 100, பிஸிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் பாதிப் பாதி, ஆக 200. கவுன்சலிங்குக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங் அன்று லேப்டாப்பில் போன வருடத்துக் கட்-ஆஃப்பைக் கல்லூரி வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்தார்கள். நான் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கல்லூரிகளை மேலே போடச் சொன்னேன், பெண் பிள்ளை இல்லையா. சார் என்னை மறுத்துப் பேசவில்லை, மகளைப் பார்த்து "மக்களே, உனக்கு எது வேணும்?" என்று மட்டும் கேட்டார். கிடைக்காது என்று தோன்றினாலும் ஆசைப்பட்டதை மேலே போடுவதால் நஷ்டம் இல்லை, மேலே உள்ளது கிடைக்காவிட்டால் சிஸ்டம் அடுத்ததைப் பார்க்கும், கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள இடத்துக்குக் காத்திருக்கவும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது என்றார். மகள் கோணத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியைத்தான் முதலில் போட்டாள், அதுவும் பக்கம்தான், ஆனால் நான் நினைத்த கல்லூரி அது இல்லை. நான் ஒரு நாள் சரியாகப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை நீட் வகுப்பு. வாரக் கடைசியில் தனிக் கட்டணம் வாங்கி நடத்துகிறார்கள், சேரச் சொல்லி வாட்ஸ்அப் குரூப்பில் ஓயாமல் மெசேஜ் வருகிறது. அந்தப் பெற்றோர் கூட்டத்தில் அவ்வளவு பொறுப்பாகப் பேசுகிற மனிதர்தானா இதை நடத்துகிறார் என்று தோன்றும். ஜெராக்ஸ் எடுத்த கேள்வித்தாள், விடை எல்லாம் சரியாக இருக்கிறதா என்றே சந்தேகம், அதுவும் தப்பான விடைக்கு மார்க் கழிக்காமல் திருத்துகிறார்கள். நீட்டில் 180 கேள்வி, 720 மார்க், சரியானதுக்கு 4, தப்பானதுக்கு 1 போகும். அதை வைத்துப் பழக்காமல் என்ன பயிற்சி? மகளோடு படித்த ஒரு பிள்ளையின் அம்மா இதைக் கூட்டத்தில் கேட்டார், பார்க்கிறோம் என்றார்கள், மாற்றியதாகத் தெரியவில்லை. நீட் எழுதப்போகிற பிள்ளையை இதை நம்பி விடாதீர்கள். காமர்ஸ் பிள்ளைகளுக்கும் இங்கே எதுவும் இல்லை, அக்கவுண்டன்சிக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்று போர்டில் இருக்கும், ஆளைப் பார்க்க முடியாது.

இன்னொன்று, இப்போது சேர்க்கிறவர்கள் கேட்டுவிட்டுச் சேருங்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை ரத்து செய்துவிட்டதாக 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்துவிட்டது. 2017-18இல் அதைக் கொண்டுவந்ததே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியதால்தான். அந்தப் பழக்கம் டியூஷன்களிலும் திரும்பி வர அதிக நாள் ஆகாது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் உண்டு, பிளஸ் டூ பிஸிக்ஸும் பிளஸ் ஒன் அடிப்படை இல்லாமல் ஏறாது. என் மகனுக்கு மேத்ஸில் இப்போதைக்குப் பிளஸ் ஒன் பாடம்தான் ஒழுங்காக நடக்கிறது. கெமிஸ்ட்ரியில் வாரத்துக்கு ஒரு நாள் பிளஸ் டூ பாடம் எடுக்கிறார்கள் என்று சொன்னான், அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.

நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், குறைந்த ஒன்று நீட் வகுப்புக்கு. பைக் நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் வருவது உத்தமம், வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 7.30க்கு வகுப்பை முடித்துவிடுகிறார்கள், மழை கனத்தால் முன்பே விட்டு மெசேஜ் போடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறவர்கள் சேர்க்கிறீர்களோ இல்லையோ மே மாதக் கூட்டத்துக்குப் போய் வாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். முன் வரிசையில் உட்காருங்கள், பின்னால் ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.