46,500 ரூபாய் கொடுத்து வீட்டுக்குள்ள விஷத் தூசி வாங்கின கதை

கை நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து சாயங்காலம்தான் பாப்பாவோட ரத்த ரிப்போர்ட் வந்துச்சு.

எங்க வீடு தண்டையார்பேட்டையில, மாமனார் காலத்து வீடு. கதவு, ஜன்னல் எல்லாம் தேக்கு. பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் அடிச்சு அடிச்சு தோல் மாதிரி தடிச்சுப் போச்சு. பழைய பெயிண்ட்டைத் தேய்ச்சு எடுத்துட்டு புதுசா அடிக்க, இந்த மாதிரி வேலைக்கு ஆள் அனுப்பற ஒரு ஆப்ல புக் பண்ணினோம். பேரு போடல, வக்கீல் நோட்டீஸ் வாங்க தெம்பு இல்ல.

பார்க்க வந்த சூப்பர்வைசர் தங்கமா பேசினாரு. பாப்பாவைத் தூக்கி வச்சுக்கிட்டு, "அக்கா, எங்க மெஷின்லயே தூசியை உறிஞ்சற பை இருக்கு. குழந்தை பக்கத்துலயே தூங்கலாம்"னாரு. அந்த வார்த்தையிலதான் விழுந்தேன். 46,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

வேலைக்கு வந்தது ரெண்டு சின்னப் பசங்க. கையில வெறும் கிரைண்டர். பையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மூக்குல கர்சீப் கட்டிக்கிட்டு காய்ஞ்ச கதவையே தேய்ச்சானுங்க. (அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அதே தூசியைத்தான் அவங்களும் குடிச்சாங்க.) நான் ஆபீஸ்ல இருந்து வந்து பார்க்கறப்போ கூடம் பூரா பச்சை மாவு. உதிர்ந்த சில்லு ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். மேல பச்சை, அடியில நீலம், அதுக்கும் அடியில மஞ்சள். பாப்பா அந்தத் தரையில தவழ்ந்துட்டு விரலை வாயில வச்சுட்டிருந்தா.

பத்து நாள் கழிச்சு வயித்து வலி, சாப்பாடு இறங்கல. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல பெயிண்ட் வேலை நடந்துதா?" பழைய பெயிண்ட்ல இருந்த காரீயம் (லெட்) பாப்பா ரத்தத்துல ஏறியிருக்கு, டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதாம். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணே கிடையாதாம். அத்தை மட்டும் இன்னும், "ஈயச்சொம்பு ரசம் குடிச்சு வளர்ந்த குடும்பம்டி"ங்கறாங்க. அது வெள்ளீயம் அத்தை, இது காரீயம்.

இனிமேதான் கூத்து. ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே தூசியைப் பத்தி ஆப்ல புகார் போட்டிருந்தேன். பதில், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." மறுநாள் புகாரே மூடியாச்சு. கேட்டா, வேலை முடிஞ்சதுக்கு நீங்களே ஓடிபி கொடுத்திருக்கீங்கன்னு பதில். என்னைக்கு? வேலை ஆரம்பிச்ச அன்னைக்குக் காலையில, "ஆரம்பிக்க நம்பர் வேணும் பாட்டி"ன்னு அத்தைகிட்ட வாங்கிட்டுப் போனதுதான் அது! சூப்பர்வைசர் நம்பர் சுவிட்ச் ஆஃப். நேத்து ஒரு பொண்ணு, "பழைய பெயிண்ட்டுக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்"னு சொல்லி வச்சுட்டா. பழைய பெயிண்ட்டை மாவாக்கினது யாரு? 46,500 ரூபாய் வாங்கினது யாரு?

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், பாப்பா அழறா. சுருக்கமா சொல்றேன். பழைய எனாமலைக் காய்ஞ்சபடி தேய்க்க விடாதீங்க, தீயில கருக்கவும் விடாதீங்க. தண்ணி தெளிச்சு உப்புத்தாள்ல தேய்க்கச் சொல்லுங்க. உரியாம கெட்டியா இருந்தா சுரண்டவே வேணாம், மேலயே அடிக்கலாம். வேலை முடியற வரைக்கும் குழந்தையும் கர்ப்பிணியும் வேற வீட்ல இருக்கட்டும். அப்புறம் துடைப்பத்தால பெருக்காதீங்க, தூசி கிளம்பும், ஈரத்துணியால துடைங்க. புது டப்பாவுல காரீயம் 90 பிபிஎம்முக்குள்ளன்னு (பத்து லட்சத்துல 90 பங்கு) எழுதியிருக்கான்னு பாருங்க, 2017 நவம்பர்ல இருந்து அதுதான் சட்டம். எங்களுக்கு வந்த டப்பாவுல லேபிளே கிழிஞ்சிருந்துச்சு, அதையும் அப்போ நான் கேட்கல.

முழுப் பணம் முன்னாடி கொடுக்காதீங்க. வீட்ல இருக்கற பெரியவங்ககிட்ட ஓடிபி விஷயத்தை இன்னைக்கே சொல்லி வைங்க.

1915க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, காலையில புகார் கொடுத்திருக்கேன். பாப்பாவுக்கு அடுத்த மாசம் திரும்ப ரத்தம் எடுக்கணும். ஜன்னல் இடுக்குல இன்னும் பச்சை மாவு இருக்கு, துடைக்கப் போறேன்.