நிஞ்ஜுட்சு வகுப்பில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் யாராவது, பழைய ஜப்பானிய ஒற்றர்களான நிஞ்ஜாக்களின் கலை என்று சொல்லப்படும் நிஞ்ஜுட்சுவைக் கற்கலாம் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். பதினான்கு மாதத்தில் எனக்கு 3,40,000 யென் போனது. வலது கையை இன்னும் தலைக்கு மேல் முழுதாகத் தூக்க முடியவில்லை.

வெளிநாட்டினருக்காக ஆங்கிலத்தில் நடக்கும் சின்ன டோஜோ (பயிற்சிக்கூடம்) அது. பெயர் சொல்லப் போவதில்லை. முதல் நாளே ஆசிரியர் சுவரில் தொங்கிய வம்சாவளிப் பட்டியலைக் காட்டினார். ஜப்பானின் இகா பகுதி நிஞ்ஜாக்களின் அறுபடாத பரம்பரை என்றார். நம்பினேன். சின்ன வயதில் ஊரில் சிலம்பம் கற்றவன் நான். ஆசான் சொன்னால் மறுபேச்சு பேசிப் பழக்கமில்லை.

சேர்க்கைக்கு 20,000, மாதம் 12,000, நான்கு தேர்வுகளுக்குத் தலா 8,000. கடைசியாகக் கறுப்புப் பட்டைக்கும் "ரகசியச் சுருள்" பாடத்துக்கும் சேர்த்து 1,20,000 யென். சான்றிதழில் இருந்தது ஆசிரியரின் சொந்த முத்திரை மட்டும்.

பயிற்சி எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம். ஒருவர் ஒரே ஒரு குத்தை நீட்டிவிட்டுக் கையை அப்படியே அந்தரத்தில் வைத்திருப்பார். நாம் விலகி, மணிக்கட்டைத் திருகி, அவரைச் சாய்க்க வேண்டும். அவரும் ஒத்துழைத்து விழுவார். இது கட்டா, அதாவது முன்கூட்டியே வகுத்த அசைவுகளைப் பழகுவது. இதில் தவறில்லை. சிலம்பத்திலும் முதலில் காலடி வரிசைதான். ஆனால் அது படிந்த பிறகு ஆசான் நிஜமாகவே கம்பை வீசுவார், தடுக்காவிட்டால் விரல் வீங்கிவிடும். இங்கே பதினான்கு மாதத்தில் ஒருவர்கூட ஒருமுறைகூட எதிர்க்கவில்லை. காரணம் கேட்டேன். "நம் நுட்பங்கள் உயிரைப் பறிப்பவை, எதிர்த்துப் பழகினால் ஆபத்து" என்றார் ஆசிரியர்.

அந்தப் பதிலுக்கு மயங்கிவிடாதீர்கள். கானோ ஜிகோரோ 1882-ல் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியபோது இதே சிக்கலைத்தான் சந்தித்தார். பழைய ஜப்பானியப் பிடிச்சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான பிடிகளைக் கட்டாவில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முழுபலத்தோடு மோதிப் பழக வைத்தார். ஜூடோ பழகும் நண்பர் ஒருவர் ஒருநாள் என் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். விடுவிக்க நான் கற்ற எதுவும் வேலை செய்யவில்லை. அன்றுதான் எனக்கு விழிப்பு வந்தது.

தோள்பட்டை போனது வேறு கதை. மெத்தை இல்லாத மரத்தரையில், சரியாக உருளக் கற்றுத் தராமலே முன்பக்கம் விழச் சொன்னார்கள். டோஜோவில் விளையாட்டுக் காப்பீடும் எடுத்திருக்கவில்லை. ஜப்பானில் நான்கு பேர் சேர்ந்த குழுவாக இருந்தாலே குறைந்த செலவில் அது கிடைக்கும்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1676-ல் தொகுக்கப்பட்ட பன்சென்ஷூகாய்தான் இகா, அதன் பக்கத்துப் பகுதியான கோகா வழி நிஞ்ஜாக்களின் பெரிய கையேடு. அதில் நிறைந்திருப்பது ஊடுருவல், மாறுவேடம், தீ வைத்தல், வானிலை கணித்தல். வெறுங்கைச் சண்டைக்கு அதில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். இன்று உலகெங்கும் நிஞ்ஜுட்சு என்று கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி சிபா மாவட்டம் நோடா நகரைச் சேர்ந்த ஹட்சுமி மசாகி உருவாக்கிய புஜின்கான் என்ற அமைப்பின் வழியாக வந்தது. 1972-ல் மறைந்த தகமட்சு தோஷிட்சுகுவிடம் அவர் பெற்ற ஒன்பது தற்காப்புக் கலைப் பள்ளிகளின் தொகுப்பு அது. அந்தத் தொகுப்பில் பெரும்பாலும் இருப்பதும் ஜுஜுட்சு, தடி, வாள் போன்றவைதான். அதிலுள்ள, நிஞ்ஜா வழி என்று சொல்லப்படும் தொகாகுரே பள்ளியின் பழைய வம்சாவளியை ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். புஜின்கானிலிருந்து பிரிந்த அமைப்புகளே 1984-ல் தொடங்கிய கென்புகானும் 1996-ல் தொடங்கிய ஜினென்கானும். கோகா வழியில் வந்ததாகச் சொல்லும் கவகாமி ஜினிச்சி என்பவரோ, நிஞ்ஜாவுக்கு இந்தக் காலத்தில் இடமில்லை என்று வாரிசே நியமிக்கவில்லை.

உடலசைவுக்காகவும் மரபின் மீதுள்ள ஆர்வத்துக்காகவும் இந்தக் கலையைக் கற்பிக்கும் நேர்மையான டோஜோக்கள் உண்டு. அவர்கள் தங்கள் ஆசிரியர் யார், பட்டத்தை எந்தத் தலைமையகம் தருகிறது என்பதைத் தயங்காமல் சொல்வார்கள். என் ஆசிரியரோ அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பணத்தைக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் திருப்பித் தரும் விதி இல்லை என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 188-ஐ அழைத்தேன். மொழி வகுப்பு, டியூஷன், கணினி வகுப்பு, அழகு நிலையம் போன்ற சில நீண்டகாலச் சேவைகளுக்குத்தான் எட்டு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டாம். நாமே தேடிப்போய்ச் சேரும் தற்காப்புக் கலை வகுப்புக்கு அது கிடையாது. இது முன்பே தெரிந்திருந்தால் 1,20,000 யென்னை ஒரே தவணையில் கட்டியிருக்க மாட்டேன்.

ஏப்ரலில் புதிய பிரிவு தொடங்குவதாக மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார்கள். முதல் வகுப்பு இலவசமாம். இதுபோன்ற எந்த வகுப்புக்குப் போனாலும், மூத்த மாணவர் ஒருவரைத் தயங்காமல் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிடியிலிருந்து விடுபடுவது எப்படி என்று ஆசிரியரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.