ஐந்து வருடம், ஒரு சின்ன கேமரா, நிறையப் பாறைகள்

பாறை ஓவியங்களைப் பதிவு செய்ய எந்த கேமரா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், என் பையில் கிடக்கும் பழைய பாக்கெட் கேமராவைத்தான் எடுத்துக் காட்டுவேன். ஐந்து வருடமாக அதுதான். லென்ஸ் மூடி இப்போது பாதிதான் திறக்கிறது, மீதியை விரலால் தள்ளிவிட வேண்டும். படம் என்னவோ நன்றாகவே வருகிறது.

உண்மையில் பாதி வேலை கணினியில்தான். மங்கிய பாறை ஓவியங்களின் நிறத்தை எழுப்பிக் காட்டுவதற்காக ஜான் ஹார்மன் 2005-இல் வெளியிட்ட டிஸ்ட்ரெச் என்ற நிரல், இமேஜ்ஜே என்ற இலவசப் பட மென்பொருளுக்குள் இயங்குகிறது. செயற்கைக்கோள் படங்களில் நிற வேறுபாட்டை இழுத்து விரித்துக் காட்டும் அதே கணக்கு. பாறையில் நான் வெறும் செம்மண் கறை என்று நினைத்திருந்த ஒன்றை அதில் சிவப்பைத் தூக்கிக் காட்டும் எல்ஆர்இ முறையில் போட்டுப் பார்த்தேன். முதலில் வளைந்த கொம்பு, அப்புறம் நான்கு கால்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனால் முதல் வருடம் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். இடம் மிச்சம் என்று குறைந்த தரத்தில் ஜேபெக் படங்களாகவே எடுத்தேன். ஒரு படத்தில் கட்டம் கட்டமாக வலை போன்ற உருவம் தெரிந்தது. மீன் வலை என்று குறிப்பும் எழுதிவிட்டேன்! பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் சரியாக 8 பிக்சல். ஜேபெக் முறை, படத்தை 8×8 பிக்சல் துண்டுகளாக வெட்டித்தான் சுருக்குகிறது. அந்த வெட்டைத்தான் நான் ஆதிமனிதன் கணக்கில் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து, கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் ரா கோப்பு மட்டுமே. கைபேசியிலும் எடுக்கலாம், ஆனால் தானாக மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிட வேண்டும்.

வெளிச்சம் இன்னொரு பாடம். பாதி வெயில், பாதி நிழல் விழுந்த ஓவியம் எதற்கும் உதவாது. குடை பிடித்து முழுவதும் நிழலாக்குவேன். சிவப்புக் குடை பிடித்து, படம் முழுக்கச் செங்காவி பூசியதுபோல வந்த கதையும் உண்டு. இப்போது கறுப்புக் குடைதான். பாறையில் வெட்டிய செதுக்கல்களுக்கு இது நேர்மாறு: அந்தி நேரத்தில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு படம்: ஒன்றில் 10 செ.மீ. வண்ண அளவுகோல், மற்றொன்றில் அது இல்லாமல். அளவுகோலைப் பாறையில் ஒட்டக்கூடாது. தண்ணீர் தெளித்து நிறத்தை எழுப்புவது, சாக்பீஸால் கோடு போடுவது எல்லாம் பழைய வழக்கம். பாறைக்கு அது கேடு, டிஸ்ட்ரெச் இருக்கும்போது தேவையும் இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது, புகைக்கரி படிந்த சுவரில் கரியால் வரைந்த உருவங்கள்தான். கறுப்புக்கென்று இருக்கும் ஒய்பிகே முறை கரிக்கோட்டையும் புகையையும் சேர்த்தே இழுத்துவிடுகிறது. அந்தச் சுவர்களின் முன்னால் மட்டும் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை வரைந்துகொண்டிருக்கிறேன்.