ஒரு ‘அவன்’ திரும்பக் கிடைத்தது

காலச்சுவடு வெளியிட்டிருக்கும் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ முழுத் தொகுப்பைப் போன மாதம் வாங்கினேன். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘சாப விமோசனம்’ கதையை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இத்தனை நாளும் கையில் இருந்தது பழைய மலிவுப் பதிப்பு ஒன்று. அது எந்தப் பதிப்பகம் என்பது இங்கே வேண்டாம்.

புதுப் புத்தகம் வந்ததும் அந்தக் கதையைத்தான் முதலில் திறந்தேன். வனவாசம் முடிந்து ராமனும் சீதையும் கோதமனின் ஆசிரமத்துக்கு வருகிறார்கள். ஆண்கள் இருவரும் அந்தப்பக்கம் போக, சீதை அகலிகையிடம் தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். ‘அவர் கேட்டாரா?’ என்கிறாள் அகலிகை. கேட்டார், நான் செய்தேன் என்று அமைதியாகப் பதில் வருகிறது. உடனே அகலிகை கத்துகிறாள்: ‘அவன் கேட்டானா?’

என் பழைய புத்தகத்தில் இரண்டு இடத்திலும் ‘அவர் கேட்டாரா’ என்றுதான் இருந்தது. மெய்ப்புப் பார்த்த யாரோ ராமனுக்கு மரியாதை குறைகிறதே என்று திருத்தியிருக்க வேண்டும். இத்தனை வருடம் அதைத்தான் பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறேன் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. ‘அவர்’ ஒரு மூச்சில் ‘அவன்’ ஆகிற அந்த இடத்தில்தான் கதையே திரும்புகிறது. தன்னைக் கல்லிலிருந்து எழுப்பியவனே இன்னொருத்தியைத் தீயில் இறங்கச் சொன்னான். கருணையும் சந்தேகமும் ஒரே ஆளிடம் இருக்கின்றன, இரண்டும் நிஜம்.

தண்டியலங்காரத்தில் விரோத அணி என்று ஒன்று உண்டு. மாறுபட்ட சொல்லும் பொருளும் மோதி ஒரு விளைவைத் தருவது. செய்யுளில் அது பெரும்பாலும் ஓரிரு அடிக்குள் முடிந்துவிடும். கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டுக் காட்டிவிடலாம். உரைநடைக் கதையில் அப்படி முடியாது. அங்கே ஒன்றோடொன்று மோதுகிற இரண்டும் உண்மையாகவே இருக்கும், இதை முரண்படு மெய்ம்மை என்கிறோம். கதை முழுக்க நடந்து முடிந்த பிறகுதான் முரண் தெரியவரும், அதற்குள் அதை நாம் நம்பியும் இருப்போம். இந்தக் கதையின் தலைப்பையே பாருங்கள். ஆரம்பத்தில் கல்லாய்க் கிடப்பது சாபம், மனுஷியாவது விமோசனம். முடிவில் கோதமன் அருகே வரும்போது அவளுக்கு அவன் வேடம் போட்டு வந்த இந்திரனாகவே படுகிறான். மறுபடி கல்லாகிறாள். மனச்சுமை தீர்கிறது. அப்படியானால் தலைப்பில் இருக்கிற விமோசனம் எது? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மணி அடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

மலிவுப் பதிப்பில் இன்னொரு கெடுதலும் இருந்தது. ஒவ்வொரு கதைக்கும் மேலே அதன் கருத்தை இரண்டு வரியில் போட்டிருந்தார்கள். ‘பொன்னகரம்’ கதைக்கும்தான். கிடையாய்க் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்க அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள், சந்தில் இன்னொருவனோடு போய். 1934இல் எழுதிய கதை. கற்பைப் பற்றிப் பேசும் நம் வாயை அந்த முக்கால் ரூபாய் அடைக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசகருக்கு அந்தச் சந்தில் கால் வைக்கவே இடமில்லை. காலச்சுவடு பதிப்பில் கதை மட்டும் நிற்கிறது. ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமல் போகலாம், அதைத் தான் பொருட்படுத்தவில்லை என்று ‘சாப விமோசன’த்துக்குப் புதுமைப்பித்தனே முன்னால் எழுதிய குறிப்பும் அதன் இடத்தில் இருக்கிறது.

ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த இத்தொகுப்பு முதலில் வந்தது 2000இல். கதைகள் கால வரிசையில் இருக்கின்றன. எனக்கு இது பெரிய உதவி. 1934இல் கடைசி வரியில் ஓங்கி அறைந்தவர் 1943க்கு வரும்போது குரலே உயர்த்தாமல் அதைச் செய்கிறார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ அந்த வருடத்துக் கதைதான். வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை, பூலோகம் பார்க்க வந்த கடவுளிடமே ஆயுள் சந்தா 25 ரூபாய் கேட்கிறார். சாவில்லாதவருக்கு ஆயுள் சந்தா! யாருடைய ஆயுள் என்று கடவுளே சிரித்துக்கொண்டு கேட்பார். கடைசியில் பிள்ளை அந்தச் சந்தாவைக் கணக்கில் வரவு எழுதுகிறார். எட்ட நின்று வரம் தரலாம், உங்களோடு கூட வாழ முடியாது என்று கடவுள் ஒத்துக்கொண்டு போன வீட்டில், சந்தா மட்டும் வரவாக நிற்கிறது. வேறு எந்த முடிவும் இந்தக் கதைக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

புத்தகம் கனம், படுத்துக்கொண்டு படிக்கத் தோதுப்படாது. கூரியரில் ஒரு முனை மடங்கி வந்தது, பக்கங்களுக்குச் சேதமில்லை. புதுமைப்பித்தனை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கந்தசாமிப் பிள்ளையிலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு அகலிகை, அப்புறம் அம்மாளு. பள்ளி நூலகத்துக்கும் ஒரு பிரதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய புத்தகத்தை எறிய மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் ‘அவர்’ என்பதைப் பேனாவால் அடித்து ‘அவன்’ என்று எழுதி வைத்தேன்.