நாற்காலி ஹைட்: நாலு மணி நேரம் உட்காரவைக்குமா?

பறவைகளைப் படமெடுக்க ஒளிந்து உட்காரும் ஹைட் என்கிற மறைவுக் கூடாரத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் துணியைத்தான் பார்க்கிறார்கள். அதில் அச்சடித்த இலைதழை எவ்வளவு அசலாக இருக்கிறது என்பதிலேயே பாதி யோசனை போய்விடுகிறது. பறவைக்கு அந்த அச்சு ஒரு பொருட்டே இல்லை. அதை விரட்டுவது மூன்று விஷயங்கள்: அசைவு, சத்தம், மனிதத் தலையும் தோளும் சேர்ந்த அந்த உருவம். நின்றிருக்கும் காரின் ஜன்னல் வழியாக நல்ல படங்கள் கிடைப்பது இதனால்தான். காருக்கு இலை அச்சு கிடையாது. ஆனால் அது ஆடாது, உள்ளே இருப்பவரின் உருவத்தை வெளியே காட்டாது.

எனவே ஒரு ஹைடை எடைபோட நாங்கள் வைக்கும் கேள்வி ஒன்றுதான். உள்ளே இருப்பவர் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார அது இடம் கொடுக்குமா? பொறுமை என்று நாம் பேசுவதில் பெரும்பங்கு முதுகும் முழங்காலும் சம்பந்தப்பட்டது. இருக்கை சரியில்லை என்றால் எவ்வளவு நிதானமான ஆளும் நாற்பதாவது நிமிடத்தில் நெளியத் தொடங்குவார். துணி ஆடும், பறவை போய்விடும்.

இங்கே எடுத்துக்கொண்டது ஒருவர் உட்காரும் நாற்காலி ஹைட். மடக்கு நாற்காலியின் இரண்டு பக்கமும் வளையக் கம்பிகள் இருக்கும். உட்கார்ந்தபின் பின்னாலிருந்து துணியை, குழந்தை வண்டியின் மூடியை இழுப்பதுபோல, தலைக்கு மேலாக முன்னால் இழுத்துவிட வேண்டும். பல கம்பெனிகள் இதே அமைப்பில் செய்கின்றன. பெயர் வேறானாலும் நிறைகுறைகள் ஏறத்தாழ ஒன்றே. எடை பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ. லென்ஸும் டிரைபாடும் சேர்த்தால் பத்து கிலோவைத் தாண்டும் என்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிய இடத்துக்கு இது ஒத்துவராது.

முதலில் இருக்கை. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது முன் விளிம்பு. துணி தொய்ந்து, முன்பக்கக் குழாய் தொடையின் அடியில் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறைவான இருக்கையில் முழங்கால் இடுப்பைவிட மேலே வந்து கீழ்முதுகு வளையும். தொய்வைச் சரிக்கட்ட இரண்டு செ.மீ. தடிமனுள்ள ஃபோம் தகடு ஒன்றை இருக்கை அளவுக்கு வெட்டிப் போட்டால் போதும். காற்றடைத்த தலையணை வேண்டாம், அசையும்போதெல்லாம் கீச்சிடும்.

நாற்காலிக் கால்களின் முனையையும் பாருங்கள். ஈர மண்ணில் மெல்லிய குழாய்க் கால் இறங்கும், நாலும் ஒரே அளவில் இறங்காது. காலையில் நேராக இருந்த ஹைட் ஒன்பது மணிக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சிறு பலகைத் துண்டு வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இந்த வகையின் பெரிய பலவீனம் டிரைபாடுக்கான இடம். மூன்று கால்களில் ஒன்று இரண்டு முழங்கால்களுக்கு நடுவே, மற்ற இரண்டும் முன்னால் ஜன்னலை ஒட்டி என்று விரித்தால்தான் அடங்கும். அப்படியும் டிரைபாடின் கால் துணியைத் தொட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. தொட்டால், லென்ஸைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் முன்சுவர் முழுவதும் துடிக்கும். நடுத்தண்டு உள்ள டிரைபாடைத் தவிர்ப்பது நல்லது. டிரைபாடின் தலைக்கு, அதாவது லென்ஸைத் தாங்கும் மேல்பாகத்துக்கு, லென்ஸைத் தொட்டில்போல ஏந்தும் கிம்பல் சிறந்தது. லென்ஸ் எடை சமன்பட்டு நிற்பதால் ஒரு விரலால் மெதுவாக நகர்த்தலாம், கையை எடுத்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். உருண்டை மூட்டில் திரும்பும் பால் ஹெட்டில் திருகைத் தளர்த்தியதும் கனமான லென்ஸ் ஒரு பக்கமாகத் தொப்பென்று சாயும். ஜன்னலில் அப்படி ஒரு அசைவு தெரிந்தால் அன்றைய காலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னல்தான் ஹைடின் உயிர். லென்ஸ் வெளியே நீளும் வாய்க்குச் சட்டைக் கைபோல ஒரு துணிக்குழாய் இருக்க வேண்டும். அதன் முனையில் இழுப்புக் கயிறு இருந்தால் லென்ஸின் முகப்பில் மாட்டும் ஹூட் என்கிற ஒளிமறைப்பு வளையத்தைச் சுற்றிக் கட்டிவிடலாம். வெறும் ஓட்டை மட்டும் இருக்கும் மாடல்களில் லென்ஸைத் திருப்பும்போது பக்கவாட்டில் இடைவெளி விழும், கை தெரியும். குழாய்க்கு மேலே கண்ணளவில் ஒரு வலை ஜன்னல் தேவை. நாலு மணி நேரமும் வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்க யாராலும் முடியாது, வலை வழியாகத்தான் காத்திருப்பின் பெரும்பகுதி கழியும். வலை இரண்டு அடுக்காக இருந்தால் வெயில் ஏறிய பிறகு ஒன்றை இறக்கிவிடலாம்.

உட்புறத் துணி கறுப்பாக இருப்பது கட்டாயம். முன்வலை வழியாகப் பார்க்கும் பறவைக்கு, பின்னால் வெளிச்சம் வந்தால் உங்கள் தலை நிழலுருவமாகத் துல்லியமாகத் தெரியும். காற்றுக்காகப் பின் ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. காற்று வேண்டுமானால் துணியின் அடிவிளிம்பை ஒரு கையளவு தூக்கி விடுங்கள், உச்சியில் சிறு துவாரம் இருந்தால் அதைத் திறங்கள். கீழிருந்து மேலே காற்று ஓடும், உருவமும் தெரியாது.

வெப்பத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. கறுப்பு உள்துணி வெயிலை விழுங்கி உள்ளே புழுக்கத்தைக் கூட்டும். அது உடலைப் படுத்துவதோடு நிற்காது, படத்தையும் கெடுக்கும். உள்ளிருக்கும் சூடான காற்று லென்ஸ் குழாய் வழியாக வெளியேறி, லென்ஸின் முன்னால் குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது கானல் உண்டாகிறது. ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கும், ஷட்டர் வேகமும் போதுமானதாக இருக்கும், ஆனாலும் இறகின் கோடுகள் குழைந்து கிடக்கும். லென்ஸில் பழுது என்று நினைத்துச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. குழாயின் கயிற்றை இறுக்கிக் கட்டுவது, லென்ஸின் முகப்பு முழுவதும் துணிக்கு வெளியே நிற்கும்படி வைப்பது, இருட்டிலேயே உள்ளே போய் லென்ஸை வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரவிடுவது, இந்த மூன்றும் பெருமளவு காப்பாற்றும்.

சத்தத்தில் ஜிப்பைவிட வெல்க்ரோ மோசம். ஜன்னல் மூடிகளை வெல்க்ரோவால் ஒட்டும் மாடல் என்றால் பறவை வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட வேண்டும். ஜிப்பின் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஓசை குறையும். இழுப்பானின் உலோகத் தகட்டை எடுத்துவிட்டு நூல் கயிறு கட்டுங்கள்.

ஹைடைத் தரையில் அடித்து நிறுத்த அதோடு கொடுக்கும் முளைகள் பெரும்பாலும் உதவாதவை. விரல் நீளக் கம்பிகள் மண்ணில் பிடிக்காது. 20 செ.மீ. முளைகள் நாலு, இரண்டு இழுகயிறுகள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் படபடக்கும் துணிக்குள் எத்தனை பொறுமையாக இருந்தாலும் பயனில்லை.

துணியைத் துவைப்பதிலும் ஒரு விஷயம். மனிதக் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை, பெரும்பாலான பறவைகளுக்கு நாலு. பல பறவைகளுக்குப் புறஊதா ஒளியும் தெரியும். துணியைப் பளிச்சென்று காட்டும் பொருள் கலந்த சோப்புத்தூள் புறஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். நமக்கு மங்கலான பச்சையாகத் தெரியும் துணி அவற்றுக்கு வேறுவிதமாகத் தெரியக்கூடும். வெறும் தண்ணீரில் அலசினால் போதும்.

வைக்கும் இடத்தில் தூரக் கணக்கு முக்கியம். முழுச்சட்ட சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 500 மி.மீ. லென்ஸோடு 8 மீட்டரில் உட்கார்ந்தால் சட்டத்துக்குள் விழும் அகலம் சுமார் 58 செ.மீ., உயரம் 38 செ.மீ. சிறிய மீன்கொத்தியின் நீளம் 16, 17 செ.மீ. தான், பாதிச் சட்டத்தைக்கூட நிரப்பாது. 5 மீட்டரில் அதே சட்டம் 36-க்கு 24 ஆகச் சுருங்கும், பறவை கணிசமாக நிறையும். ஆனால் லென்ஸின் எஃப் 5.6 திறப்பில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் அளவு, அப்போது மூன்றரை செ.மீ.க்குள் நின்றுவிடும். அலகின் நுனியும் கண்ணும் சேர்ந்து தெளிவாக விழ வேண்டுமானால் பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மீன்கொத்தி வந்து உட்காரும் அந்தச் சில நொடிகளைக் கவனித்தால் ஹைட் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். உட்கார்ந்ததும் உடலை ஒட்டி இறகுகளை இறுக்கி, நிமிர்ந்து, தலையை ஹைடின் பக்கம் திருப்பினால் அதற்குச் சந்தேகம். அப்போது ஷட்டரைத் தொடாதீர்கள், லென்ஸை நகர்த்தாதீர்கள். சந்தேகம் தீர்ந்தால் இறகு தளரும், கழுத்து தோளுக்குள் இறங்கும், பார்வை தண்ணீருக்குப் போகும். பிறகு தலையை மேலும் கீழுமாக அசைத்துத் தூரம் பார்க்கும். பறப்பதற்குச் சற்று முன் பல நேரம் எச்சமிடும். விரல் ஷட்டரில் தயாராக இருக்க வேண்டிய தருணம் அது. மனிதக் கை எதிர்வினை காட்டவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவிலும் நாலைந்து படம் அதற்குள் போய்விடும். அழுத்துவதற்கு அரை நொடி முன்பிருந்தே பதிவுசெய்யும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் இங்கே பயன்படுத்துங்கள். மின்னணு ஷட்டர் ஓசையில்லாதது. ஆனால் சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராவில் அடிக்கும் சிறகு வளைந்து விழும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மின்னணு ஷட்டர், பறப்பதற்கு இயந்திர ஷட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபோகஸ் பீப் ஒலி, உதவி விளக்கு, எடுத்தவுடன் திரையில் படம் காட்டுவது மூன்றையும் வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சம் இருட்டான ஹைடுக்குள் முகத்தில் நன்றாகவே அடிக்கும்.

புதிதாக வைத்த ஹைடில் அன்றே உட்காராதீர்கள். நாற்காலி ஹைடை ஒரே நாளில் வைத்து எடுக்கும் வசதிக்காகத்தான் விற்கிறார்கள். நீர்க்கோழி போன்ற, மனிதரைப் பார்த்துப் பழகிய பறவைகளிடம் அது நடக்கும். கூச்சமுள்ள பறவைகளுக்கு இரண்டு மூன்று நாள் வெறுமனே விட்டுவைக்க வேண்டும், அதுவும் லென்ஸ் வாயில் கறுப்பு பாட்டில் ஒன்றைச் செருகி. இல்லாவிட்டால் நீங்கள் வரும் நாளில் திடீரென்று ஒரு கண்ணாடிக் கண் முளைத்ததுபோல இருக்கும். பாலூட்டிகளுக்கு ஹைட் அவ்வளவாகப் பயன்படாது. அவற்றுக்குக் காற்றின் திசைதான் கணக்கு. எந்தத் துணியும் மனித வாடையை நிறுத்தாது. காற்று விலங்கிடமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி வைத்தால் மட்டுமே வாய்ப்பு.

கூட்டின் அருகே இந்த வகையை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கூட்டைப் படமெடுக்க ஹைடை முதலில் தொலைவில் வைத்து, பல நாட்களில் படிப்படியாக நெருக்க வேண்டும். ஒரே நாளில் விரித்து உட்காரும் நாற்காலி அந்தப் பழக்கத்தையே கெடுக்கிறது. தாய்ப்பறவை இரையோடு வந்து, இறங்காமல் சுற்றிச் சுற்றி எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் உடனே விலகிவிடுங்கள். குஞ்சின் பசியும் குளிரும் நம் படத்துக்காகக் காத்திருக்காது. பல நாடுகளில் கூட்டருகே படமெடுக்க அனுமதியும் வேண்டும். ஆபத்து நம் பக்கமும் உண்டு. எரிக் ஹோஸ்கிங் என்ற ஆங்கிலேயப் பறவைப் படக்காரர் 1937-இல் கூட்டருகே இருந்த ஹைடுக்கு இருட்டில் போனபோது ஆந்தை தாக்கி இடது கண்ணை இழந்தார்.

ஒப்பிட்டுச் சொன்னால், தானே விரியும் ஸ்பிரிங் கூடாரத்தில் இடம் தாராளம், சொந்த நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பெரிய சுவர்கள் காற்றை வாங்கும். உடம்பைச் சுற்றிப் போர்த்தும் வலைத்துணி ஒரு கிலோகூட இருக்காது, நடந்து தேடுபவர்களுக்கு அதுவே போதும். நீர்ப்பறவைகளை அவற்றின் கண்மட்டத்தில் எடுக்க விரும்புகிறவர்களுக்கு நாற்காலி ஹைட் ஏமாற்றமே. லென்ஸ் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும், படம் மேலிருந்து பார்த்ததுபோல வரும். அதற்குப் படுத்துக்கொள்ளும் ஹைட்தான் வழி. உயரமான கிளை, வேலிக்கம்பு, குளக்கரைப் புதர் ஆகியவற்றில் வந்தமரும் பறவைகளுக்கு, வண்டியிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள இடங்களுக்கு, நாற்காலி ஹைடை மனதார வாங்கச் சொல்வோம். மாடல்களைத் தேர்ந்தெடுக்கும்போது லென்ஸ் குழாயும் கறுப்பு உள்துணியும் இல்லாதவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். துணி ஒற்றை அடுக்கா என்பதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே போகும்போது ஒரு நண்பரைக் கூட்டிப்போய், நீங்கள் அமர்ந்தபின் அவரைத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். ஆள் போய்விட்டதாகப் பல பறவைகள் எடுத்துக்கொள்ளும், காகங்களிடம் இதை நம்ப வேண்டாம். வெளியே வரும்போதும் அவரே வந்து கூப்பிடட்டும். அவர் நடந்து வருவதைப் பார்த்துப் பறவை பறந்துபோகும், ஹைடுக்குள்ளிருந்து ஆள் எழுந்ததைப் பார்க்காது. தனியாக இருந்தால், கிளை காலியாகி ஐந்து நிமிடம் வலை வழியாக நாலாபக்கமும் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஜிப்பில் கை வையுங்கள்.